யாருடைய பட்டியல்? பெருங்கொடையும் இயற்கைப் பாதுகாப்பும்

இயற்கைப் பாதுகாப்பு இயக்கங்களின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் காடு வரும், பறவை வரும், மனம் திருந்திய வேட்டைக்காரர் வருவார், சட்டம் கொண்டுவந்த அரசியல்வாதி வருவார். பணம் எங்கிருந்து வந்தது, யார் போய்க் கேட்டார்கள், கேட்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது வராது. வந்தாலும் முன்னுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லி முடிந்துவிடும். குடும்பக் கதைகளில் அடுப்படி வருவதைப் போலத்தான். விருந்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அடுப்பூதியவளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

நான் பேச விரும்புவது இந்த அடுப்படியைப் பற்றி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று பெரிய சூழல் அமைப்புகள் ஒவ்வொன்றிலும் 'பெருங்கொடை'க்கென்று ஒரு தனித்துறை உண்டு. ஆயிரம் பேரிடம் பத்துப் பத்து டாலராக வாங்குவது அதன் வேலை இல்லை. பத்துப் பேரிடம் பத்து லட்சமாக வாங்குவதுதான் அதன் வேலை. அதற்கொரு தலைவர், அவருக்குக் கீழே அலுவலர்கள், ஒவ்வொரு அலுவலர் கையிலும் செல்வந்தர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று. இந்தத் துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பட்டியலில் மேலே இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, இதில் யார் எதை இழக்கிறார்கள் என்று கேட்பது பெண்ணிய விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

தமிழில் இதைப் பேசுவதற்கு ஒரு தடை இருக்கிறது. நமக்குக் கொடை என்றாலே வள்ளல்தான் நினைவுக்கு வருவார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். செடிக்குக் கொடுத்த அந்தக் கொடையை இயற்கைப் பாதுகாப்புக்கான பெருங்கொடைகளில் முதலாவது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கதையில் நிற்பவன் பாரி. கொடி எங்கே போனது, தேரை இழுத்துவந்து நிறுத்தியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பாரி இறந்தபின் அவன் மகள்களை மணம் முடித்துக்கொடுக்கக் கபிலர் ஊர் ஊராய் அலைந்ததையும் அந்த வள்ளல் கதையோடு சேர்த்து நாம் படிப்பதில்லை. கொடுத்தவனின் பெருமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது வாசிப்பில் நமக்கும் பழகிப்போன ஒன்று.

பாஸ்டன் வரவேற்பறை

1896இல் பாஸ்டன் நகரின் ஹாரியட் ஹெமன்வே என்ற செல்வந்தப் பெண், பெண்களின் தொப்பிகளுக்கு இறகு வேண்டிக் கொக்கினங்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் படித்தார். இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த இறகுகள் அழகாக இருக்கும் என்பதால் கூட்டிலேயே தாய்ப்பறவையைச் சுட்டுவிடுவார்கள். குஞ்சுகள் பட்டினி கிடந்து சாகும். ஹெமன்வே தன் உறவுக்காரப் பெண் மின்னா ஹாலை வரவழைத்தார். இருவரும் உட்கார்ந்து பாஸ்டன் மேல்தட்டுக் குடும்பங்களின் பெயர் விவரப் புத்தகத்தைத் திறந்தார்கள். யார் இறகுத் தொப்பி அணிபவர், யார் சொன்னால் கேட்பார் என்று பெயர் பெயராகக் குறித்தார்கள். தேநீர் விருந்துகள் நடந்தன. சுமார் 900 பெண்கள் சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் இப்படித்தான் பிறந்தது.

இன்றைய பெருங்கொடைத் துறை செய்யும் வேலையின் சாரம் முழுவதும் அந்த வரவேற்பறையில் இருக்கிறது: பட்டியல் எடுப்பது, தகுதி பார்ப்பது, பழகுவது, கேட்பது, தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்த இரண்டு பெண்களும் சங்கத்துக்குத் தலைவராக வில்லியம் புரூஸ்டர் என்ற பறவையியலாளரை வைத்தார்கள். ஆண் தலைவர் இருந்தால்தான் சங்கத்துக்கு மதிப்பு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பட்டியல் பெண்களுடையது, நாற்காலி ஆணுடையது. இங்கிலாந்தில் 1889இல் எமிலி வில்லியம்சன் மான்செஸ்டர் அருகே தொடங்கிய சங்கத்தின் வழியில் வந்ததுதான் இன்றைய அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம். அதுவும் பெண்களின் தேநீர் மேசையிலிருந்து எழுந்ததுதான்.

இந்த இயக்கங்களை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பறவைக் கொலைக்குப் பழி முழுவதும் தொப்பி அணிந்த பெண் மேல் விழுந்தது. 1920இல் வர்ஜீனியா உல்ஃப் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுட்டவர்களும் ஆண்கள், விற்று லாபம் பார்த்தவர்களும் ஆண்கள், சட்டம் இயற்றாமல் இழுத்தடித்த நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் ஆண்கள். திட்டு மட்டும் எப்படிப் பெண்ணுக்குப் போனது என்று அவர் கேட்டார். குற்றத்தில் முன்வரிசையும் தலைமையில் பின்வரிசையும் பெண்ணுக்கு ஒதுக்கப்படுவது அன்று தொடங்கியதில்லை, அன்றோடு முடியவும் இல்லை.

பட்டியலுக்காக ஒரு வழக்கு

ஆடுபான் சங்கங்கள் ஒன்று சேர்ந்து 1905இல் தேசிய அமைப்பாயின. பெண்கள் தேநீர் ஊற்றிச் சேர்த்த நம்பிக்கை இப்போது ஓர் அலுவலகத்தின் சொத்தாகிவிட்டது. 1911இல் வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனம் அந்த அமைப்புக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் தர முன்வந்தது. வேட்டையாடப் பறவை வேண்டும், பறவை வேண்டுமென்றால் பாதுகாப்பு வேண்டும் என்பது கொடுப்பவரின் நியாயம். அமைப்பின் செயலாளர் கில்பர்ட் பியர்சனுக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. எதிர்ப்புக் கிளம்பியபின் அந்தப் பணம் மறுக்கப்பட்டது. ஆனாலும் கொடை யாரிடமிருந்து வரலாம், யாரிடமிருந்து வரக் கூடாது என்ற கேள்விக்கு எழுதிவைத்த விடை ஏதும் அமைப்பிடம் இருக்கவில்லை.

அந்த விடையைக் கேட்டு வந்தவர் ரோஸலி எட்ஜ். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நியூயார்க்கில் துண்டறிக்கை எழுதி, மேடையேறி, நிதி திரட்டிப் பழகியவர். 1929இல் அவர் கையில் ஒரு துண்டறிக்கை கிடைத்தது. பறவைகளைக் காக்க வேண்டிய அமைப்பே வேட்டை நலன்களோடு சமரசம் செய்துகொள்கிறது என்று அது சொன்னது. அதை எழுதியவர்களில் ஒருவரான விலங்கியலாளர் வில்லர்ட் வான் நேமை, இனிமேல் அனுமதியின்றி இப்படி எதையும் வெளியிடக் கூடாது என்று அவர் வேலை பார்த்த அருங்காட்சியகம் தடுத்துவிட்டது. எட்ஜுக்கு வேலையும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. வாயை அடைக்க யாராலும் முடியவில்லை. அமைப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று கேள்வி கேட்டார்.

பிறகு வெளிவந்தது இன்னும் மோசமானது. லூசியானாவில் கொடையாகக் கிடைத்த ஒரு சரணாலயத்தில் இரும்புப் பொறி வைத்து நீரெலிகளைப் பிடிக்க அமைப்பே அனுமதித்து, அதில் வந்த பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தது. கொடையாகக் கிடைத்த நிலமே வருமானத்துக்கு வழியாகிவிட்டது. உறுப்பினர்களிடம் நேரடியாகப் பேச வேண்டும், பட்டியலைக் கொடுங்கள் என்று எட்ஜ் கேட்டார். மறுத்தார்கள். 1931இல் நீதிமன்றம் போய்ப் பட்டியலை வாங்கினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரைச் சண்டைக்காரி என்றார். உறுப்பினர் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்பது வெறும் அலுவலகச் சிக்கல் இல்லை, அது அதிகாரச் சிக்கல் என்பதை அந்த வழக்குக் காட்டிக்கொடுத்தது. 1934இல் பியர்சன் பதவியை விட்டுப் போனார்.

அதே ஆண்டில் எட்ஜ் பென்சில்வேனியாவில் ஒரு மலையைக் காப்பாற்றினார். வலசை போகும் பருந்துகளையும் வல்லூறுகளையும் வேட்டைக்காரர்கள் பொழுதுபோக்காகச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்த மலை அது. சுமார் 1,400 ஏக்கர் நிலத்தை 500 டாலருக்குக் குத்தகை எடுத்தார். அந்த 500 டாலரைக் கடனாகக் கொடுத்தவர் வான் நேம். பின்னர் நிலம் விலைக்கே வாங்கப்பட்டது, ஏக்கருக்குச் சுமார் இரண்டரை டாலர். ஹாக் மவுண்டன் சரணாலயம் என்று இன்று உலகம் அறியும் இடம் அது. அங்கே மாரிஸ் புரூன் பருந்துகளை எண்ணிக் குறித்த கணக்கை ரேச்சல் கார்சன் தன் 'மௌன வசந்தம்' நூலில் பயன்படுத்தினார்.

மாரிஸின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவர் மனைவி இர்மா புரூன்தான் மலைப்பாதையின் வாசலில் நின்றவர். துப்பாக்கியோடு வந்த ஆண்களைத் திருப்பி அனுப்பியதும், பார்வையாளர்களை வரவேற்றதும், அவர்களிடம் காசு வாங்கியதும் அவர்தான். அந்த மலையின் நிதித்துறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இர்மாவைத்தான் சொல்வேன். ஆனால் நிதி திரட்டுவதைப் பாடமாகச் சொல்லித்தரும் கையேடுகளில் வாசலில் நின்று ஒரு துப்பாக்கியைத் திருப்பி அனுப்புவதற்கு இடமில்லை. வருகிறவரை உள்ளே அழைத்துவரத்தான் அவை சொல்லித்தருகின்றன.

புன்னகைக்கும் இலக்கு உண்டு

அந்தக் கையேடுகளுக்கு வருகிறேன். பெருங்கொடையைத் திட்டமிட்ட தொழிலாக மாற்றியதில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்லப் போன்றவர்களுக்குப் பங்குண்டு. கொடையாளரோடு நடக்கும் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு 'நகர்வு'. பிறந்தநாள் வாழ்த்து ஒரு நகர்வு, சதுப்புநிலத்துக்கு அழைத்துப்போய் நாரையைக் காட்டுவது ஒரு நகர்வு, நோயுற்ற மனைவியை விசாரிப்பது ஒரு நகர்வு. எல்லாம் கணினியில் பதிவாகும். ஆண்டு முடிவில் எத்தனை நகர்வு, எவ்வளவு பணம் என்று துறைத் தலைவர் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, உணர்ச்சியை ஆள்வதே சம்பள வேலையாவதை விளக்கினார். பெருங்கொடை அலுவலரின் வேலை அதைவிட நுட்பமானது. விமானம் தரையிறங்கியதும் பணிப்பெண்ணின் புன்னகை முடிந்துவிடும். கொடை அலுவலரின் புன்னகை பத்தாண்டு நீள வேண்டும். உண்மையான நட்பாகவும் இருக்க வேண்டும், எண்ணிக் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உறவினர்களின் பிறந்தநாள், கோபம், மனத்தாங்கல் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக் குடும்பத்தை ஒட்டவைக்கும் வேலையைக் காலங்காலமாகப் பெண்கள் கூலியில்லாமல் செய்கிறார்கள். அதே வேலை இங்கே கூலிக்கு வந்திருக்கிறது. பெண்களுக்கு இது இயல்பாக வரும் என்று சொல்லித்தான் அவர்களை எடுக்கிறார்கள். இயல்பாக வரும் என்று சொல்லப்படும் வேலைக்கு ஒரு நாளும் சரியான விலை கிடைத்ததில்லை.

பணத்தை வைத்திருப்பவர் கொடுக்கவும் செய்யலாம், கொடுக்காமலும் போகலாம். கேட்பவளுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2018இல் அமெரிக்காவில் நிதி திரட்டும் பணியாளர்களிடம் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில் பெண்களில் நாலில் ஒருவர் பணியில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார். துன்புறுத்தியவர்களில் பெரும்பாலோர் கொடையாளர்கள். சக ஊழியர் மீது புகார் கொடுக்க ஒரு குழு இருக்கும். கொடையாளர் மீது எங்கே போய்ப் புகார் கொடுப்பது? அவர் ஊழியர் இல்லை, விருந்தாளி. பல இடங்களில் அறங்காவலர் குழுவிலும் அவரே இருப்பார்.

உலகின் மிகப்பெரிய சூழல் அமைப்புகளில் ஒன்றான நேச்சர் கன்சர்வன்சியில் 2019இல் நடந்ததைப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தல் குறித்தும் பணியிடச் சூழல் குறித்தும் விசாரணை நடந்தபின் மூத்த நிர்வாகிகள் சிலரும், அமைப்பின் தலைவரும், பின்னர் தலைமைச் செயல் அதிகாரியும் விலகினார்கள். பொறுப்புத் தற்காலிகமாக சாலி ஜுவல் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜெனிஃபர் மோரிஸ் தலைமைச் செயல் அதிகாரியானார். வீடு அழுக்கானபின் துடைப்பத்தைப் பெண் கையில் கொடுப்பது நமக்குத் தெரியாத கதையா? அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பெண்ணைத் தலைமை நாற்காலியில் உட்காரவைப்பதோடு பெண்ணியக் கோரிக்கை முடிந்துவிட்டதாக எண்ணுவதில்தான் எனக்குச் சந்தேகம். பெருங்கொடைத் துறைக்குத் தலைமை ஏற்கும் பெண், தன் கீழே இருக்கும் இளம் அலுவலரைக் காப்பாற்ற ஒரு கொடையாளரை இழந்தால் அந்த இழப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது? அவள் கணக்கில்தான் என்றால், நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான்.

நான்கு காசுக் கணக்கு

வங்காரி மாத்தாய் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூல் 2006இல் வந்தது. மரம் நட்ட பெண்ணின் கதையாகத்தான் பலரும் அதை வாசிக்கிறார்கள். நான் அதைக் கணக்குப் புத்தகமாக வாசிக்கிறேன். 1977இல் கென்யப் பெண்கள் தேசிய மன்றத்தின் வழியாக நைரோபியில் ஏழு மரக்கன்றுகளோடு தொடங்கிய வேலை அது. கிராமத்துப் பெண்கள் நாற்றங்கால் போட்டார்கள். வனத்துறை நிபுணர்கள், படிக்காத பெண்களுக்கு இது வராது என்றார்கள். அவர்கள் வளர்த்தார்கள். கன்றை நட்டதற்கு இல்லை, அது பிழைத்ததற்கு, ஒரு கன்றுக்கு நான்கு அமெரிக்க சென்ட் கொடுக்கப்பட்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நார்வேயின் வனவியல் சங்கம் கைகொடுத்தது. ஐக்கிய நாடுகள் அவையின் பெண்களுக்கான தன்னார்வ நிதியிலிருந்து 1980களின் தொடக்கத்தில் 1,22,700 டாலர் வந்தது. அதுவும் பெருங்கொடைதான். ஆகவே பெருங்கொடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்ஜின் மலையும் ஒருவர் தந்த 500 டாலரில்தான் தப்பியது. பறவைக்கும் மரத்துக்கும் காத்திருக்க நேரமில்லை. நான் பார்ப்பது வேறு. அந்தப் பெரும்பணம் கீழே இறங்கி வந்தபோது நான்கு சென்டாகப் பிரிந்து நாற்று வளர்த்தவள் கைக்குப் போனது. பிழைத்த கன்றை அவள் எண்ணினாள், அவள் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தார்கள். எண்ணும் உரிமை அவளிடம் இருந்தது. பொதுவாகக் கொடையாளர்களுக்குப் போகும் அறிக்கைகளில் அவள் படமாகத்தான் வருவாள், கையில் கன்றோடு, சிரித்துக்கொண்டு. படத்துக்குக் கீழே, இதைச் சாத்தியமாக்கியது நீங்கள்தான் என்று கொடையாளரைப் பார்த்து எழுதியிருக்கும்.

1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட ஆளும் தரப்பு திட்டமிட்டது. மாத்தாய் எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் அவரையும் அவர் தோழிகளையும் மணமுறிவு பெற்ற பெண்களின் கும்பல் என்று ஏளனம் செய்தார்கள். இயக்கத்தை அரசுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றினார்கள். அலுவலகம் அவர் வீட்டுக்கு மாறியது. அவர் கட்டடத்துக்குப் பணம் தருவோரின் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோனார். வெளிநாட்டுப் பணம் பின்வாங்கியது, கட்டடம் எழவில்லை. நிதி கேட்டு எழுதத் தெரிந்த கை, நிதியை நிறுத்தச் சொல்லியும் எழுதியது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத நிதித் தலைமை இது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது இந்தப் பகுதியைப் பலரும் சொல்லாமல் விட்டார்கள். மரம் நட்ட தாய் என்பது கொடையாளர்களுக்கு வசதியான படம். பணத்தை மறித்த பெண் அவ்வளவு வசதியானவள் இல்லை.

மேலே போகும் தண்ணீர்

2020 நவம்பரில் ஜெஃப் பெசோஸின் பூமி நிதி முதல் சுற்றாக 79.1 கோடி டாலரை 16 அமைப்புகளுக்குக் கொடுத்தது. ஐந்து பெரிய அமைப்புகளுக்குத் தலா 10 கோடி, மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. காலநிலை நீதியையும் பாலின நீதியையும் சேர்த்துப் பேசும் ஹைவ் நிதிக்கு 4.3 கோடி. பூர்வகுடிகளின் என்டிஎன் கூட்டமைப்புக்கு 1.2 கோடி. இல்லாததோடு ஒப்பிட்டால் இவை பெரிய தொகைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெருங்கொடைத் துறை வைத்து நடத்த வசதியுள்ள அமைப்புகளுக்கே பெருங்கொடை போய்ச் சேருகிறது. மேட்டுக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. பள்ளத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் நடத்தும் சிறு அமைப்புகள்.

கொடுத்தவர் கை பின்னாலும் நீளும். அமெரிக்காவில் நிற ஒடுக்குமுறைக்கு உள்ளான பெண்களின் 'இன்சைட்' அமைப்புக்கு ஃபோர்ட் அறக்கட்டளை ஒப்புக்கொண்டிருந்த ஒரு லட்சம் டாலரை, பாலஸ்தீன விடுதலையை அது ஆதரித்ததற்காக 2004இல் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்கள் கூட்டம் போட்டு யோசித்து, 2007இல் ஒரு கட்டுரைத் தொகுப்பே கொண்டுவந்தார்கள். நிதி நின்றுபோனதைப் புலம்பாமல், நிதி நம்மை என்னவாக்குகிறது என்று அதில் கேட்டார்கள். சூழல் இயக்கங்களும் அதைத் தங்களிடம் கேட்க வேண்டும்.

சிறு பெண்கள் அமைப்புகளில் இருப்பவர்கள் நமக்கும் ஒரு பெரிய கொடையாளர் கிடைத்தால் போதும் என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். கிடைக்கட்டும். கிடைப்பதற்கு முன்னால் சிலவற்றை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன். யாரிடம் வாங்க மாட்டோம் என்ற பட்டியல் முதலில் வேண்டும். ஆடுபான் அமைப்பிடம் 1911இல் இல்லாதது அதுதான். கொடையாளரைப் பார்க்க எந்தப் பெண்ணும் தனியாகப் போகத் தேவையில்லை என்ற விதி வேண்டும். அத்துமீறும் கொடையாளரைத் துண்டித்தால் அந்தத் தொகை அலுவலரின் இலக்கிலிருந்து கழிக்கப்படும் என்று அறங்காவலர் குழு கையெழுத்துப் போட வேண்டும். வரும் பணத்தில் ஒரு பங்காவது நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும். அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யும் கூட்டத்தில், நாற்று வளர்ப்பவளும் வாசலில் நிற்பவளும் உட்கார வேண்டும். படமாக இல்லை, வாக்குள்ளவர்களாக.

இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத கொடையாளர் போய்விடுவாரே என்பார்கள். போகலாம். அவர் போனால் எவ்வளவு குறையும் என்று நம்மால் கணக்குப் போட்டுவிட முடியும். அவர் இருப்பதற்காக யார் யார் எதையெதை விழுங்கிக்கொண்டார்கள் என்ற கணக்கை இதுவரை எந்த ஆண்டறிக்கையும் அச்சிட்டதில்லை. அந்த இரண்டாவது கணக்கையும் எழுதத் தொடங்கிய பின்புதான் ஓர் அமைப்பு தன் வரவுசெலவைச் சரியாகக் காட்டியதாகச் சொல்ல முடியும்.